வானொலி நிலையத்தின் வீச்சுச் சக்தி

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இரண்டாம் நாள் மாலை நிகழ்ந்த சொற்பொழிவு)



நமது கல்வி அறநிலையத்தின் பேரால் ஒரு சமுதாய வானொலி நிலையம் நிறுவ வேண்டுமென்று சென்ற ஆண்டுக் கூட்டத்திலே தீர்மானம் செய்யப்பெற்றது. அதற்குரிய பொருளும் ஓரளவு சேர்ந்துவிட்டது. நமது சங்கத்தின் மூத்த அன்பர் ஒருவர், "யந்திரம் பெரிதாக இருக்கட்டும், அதன் செலவு முழுவதும் என்னைச் சேர்ந்தது" என்று வாக்களித்திருக்கிறார்கள். அவர்கள் இப்பொழுது முன்வரிசையிலேயே வீற்றிருக்கிறார்கள். அவர்களுடைய தாராள சிந்தையை இருகை கூப்பி வணங்கி, அந்தப் பணத்தைத் தயைசெய்து யந்திரத்திலே போடவேண்டாமென்று விண்ணப்பித்துக் கொள்வதற்காகவே அடியேன் இம்மேடையில் நிற்கிறேன். பெரியவர் கொடுக்க முன்வந்ததை மறுத்துப் பேசுதல் முறையன்று என்று என் மனைவியே நேற்றிரவு எச்சரித்தாள். ஆயினும் முப்பத்தோராண்டு ஒலிபரப்புத் துறையில் பொறியாளனாக ஊழியஞ் செய்தவன் தெரிந்ததைச் சொல்லாது வாளாவிருத்தல் தகாது.

வானொலி நிலையம் என்றவுடன் யாவரும் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதே. சென்னையில் 1924ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரவர்களும் நண்பர்களும் ரேடியோ சங்கம் அமைத்து ஒலிபரப்பத் தொடங்கிய காலத்தில், அவர்களுடைய யந்திரம் 40 வாட் சக்தியுடையது. பின்னர் 200 வாட் ஆயிற்று. 1927இல் பணமுடையால் அது நின்றுவிட, 1930இல் சென்னை நகரசபையார் ஒலிபரப்பை மேற்கொண்டனர். அந்த நாள் முதல் இந்த நாள் வரையில் நிலையத்தின் பெருமையை வாட் கணக்கிலேயே பேசி வருகிறோம். ஆனால், எந்த இடத்தில் அளந்த வாட் என்று ஒருவரும் கேட்பதில்லை. யந்திரத்தின் வாயிலிலா? கம்பத்தின் உச்சியிலா? கேட்போர் இருக்குந் திசையிலா? இம்மூன்றும் ஒன்றல்ல. இவற்றின் பேதத்தை அறிவிப்பதே ஆங்கிலத்தில் 'எபெக்டிவ் ரேடியேட்டட் பவர்' என்றும், சுருக்கமாக 'இ. ஆர். பி.' என்றும் வழங்கும் கணக்கு. அதனைப் 'பயனுறு வீச்சுச் சக்தி' என்று நாம் தமிழிற் கூறலாம்.

இங்கே அமர்ந்திருப்பவருள் பலர் நிலமுடையவர்கள். கவலை இறைத்த காலத்தை நேரிற் கண்ட முதியோரும் உளர். கிணற்றடியில் நிற்பவன் "இன்று நூறு சால் இறைத்தேன்" என்கிறான். அவன் சொல்வது பொய்யன்று. ஆனால் வாய்க்கால் மணற்பாங்கானதாயின் நூறு சாலில் எழுபது வழியிலேயே மண்ணுக்கு இரையாகும். எஞ்சிய முப்பது சால் தோட்டத்துக்கு வந்தபின், எல்லாப் பாத்திக்கும் மடையைத் திறந்து விட்டால் ஒவ்வொன்றும் நனையுமேயன்றி நிறையாது. வேண்டாத பாத்திகளின் மடையை அடைத்து, வாழை நிற்கும் பாத்திக்கு மாத்திரம் திருப்பினால், அந்த முப்பது சாலே அங்கே முந்நூறு சாலின் வேலையைச் செய்யும். இறைத்த நீர் யந்திரத்தின் சக்தி. வாய்க்கால் என்பது யந்திரத்திலிருந்து கம்பத்தின் உச்சிக்குச் செல்லும் கேபிள். மடை மாற்றும் வேலையைச் செய்வது ஏரியல். இம்மூன்றையுஞ் சேர்த்துப் பார்த்து, வாழைப்பாத்திக்குக் கிடைத்தது எவ்வளவு என்று சொல்வதே பயனுறு வீச்சுச் சக்தி.

ஏரியல் புதிதாகச் சக்தியை உண்டாக்குகிறது என்று எவரும் மயங்க வேண்டா. கலங்கரை விளக்கத்தின் கண்ணாடி ஓர் எள்ளளவு ஒளியையும் உண்டாக்குவதில்லை. மலைப்பக்கம் வீணாகப் போகும் ஒளியைக் கடற்பக்கம் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. ஆனாலும் கப்பலில் இருப்பவன் கண்ணுக்கு அந்தச் சிறு விளக்குப் பன்மடங்கு பெரிய விளக்காகவே தோன்றும். 'எத்தனை மடங்கு பெரிதாகத் தோன்றுகிறது' என்ற அந்த எண்ணையே ஏரியலின் பெருக்கம் என்கிறோம். எதனோடு ஒப்பிட்டு மடங்கு சொல்வது என்ற கேள்வி எழும். அலை நீளத்திற் பாதியளவான ஒரு நேர்கம்பியை அளவுகோலாகக் கொண்டால் வருவது இ. ஆர். பி. எல்லாத் திசையிலும் சமமாக ஒளிரும் ஒரு கற்பனைப் புள்ளியை அளவுகோலாகக் கொண்டால் எண் 1.64 மடங்கு பெரிதாக வரும். அதற்குப் பெயரும் சற்று வேறு. விற்பனைக்காரர் விளம்பரத்தில் பெரிய எண்ணையே போடுவர் என்பதை மாத்திரம் நினைவில் வைத்துக்கொள்க.

பொறியாளர் இதனைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. 'டெசிபெல்' என்ற அளவால் கூட்டிக் கழிப்பர். இந்த வழக்கம் வர்த்தகஞ் செய்வோர்க்கு எளிதில் விளங்கும். பேரேட்டைத் திறந்து ஒரு பக்கம் வரவும் ஒரு பக்கம் பற்றும் எழுதுவது போன்றதே. யந்திரம் வரவு, கேபிளில் இழந்தது பற்று, இணைப்புகளில் இழந்தது பற்று, ஏரியலின் பெருக்கம் வரவு. மூன்று டெசிபெல் பற்று என்றால் சக்தியிற் பாதி போயிற்று என்று பொருள். பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒன்றே மிச்சம். கணக்கை முடித்துப் பார்க்குமுன் முதலை மாத்திரம் பார்த்து மகிழ்கின்ற வியாபாரி நிலைப்பதில்லை என்பதை நான் இச்சபைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இந்தக் கணக்கை ஊன்றி உணராமையால் ஒரு பேரரசே பெரும்பொருளைச் செலவிட இருந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு.

முதல் உலக யுத்தத்துக்கு முன்னும் பின்னும், நெடுந்தூரத்துக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்ப நீண்ட அலைகளே ஏற்றவை என்று அறிஞர் யாவரும் நம்பினர். அலை நீள நீள, யந்திரமும் கம்பமும் பெருகின. இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரில் 1926ஆம் ஆண்டு தொடங்கிய நிலையத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 250 மீட்டர் உயரமுள்ள பன்னிரண்டு கம்பங்கள் நின்றன. அதன் அலை நீளம் 18,750 மீட்டர். அதாவது பதினெட்டே முக்காற் கிலோமீட்டர்! அத்தகைய அலைக்கு 250 மீட்டர் கம்பமும் விரற்கடையளவே. ஆதலின் நூற்றுக்கணக்கான கிலோவாட் சக்தியை ஏரியலிற் செலுத்தியும் அதில் ஒரு சிறு பகுதியே அலையாக வெளிப்படும். அந்தச் சிறு பகுதியும் எல்லாத் திசைக்கும் பகிரப்படும். ஒரு திசைக்குத் திருப்பவும் இயலாது. ஏனெனில், அலையைத் திருப்ப வேண்டுமாயின் ஏரியலின் அகலம் அலை நீளத்தைப் போல் பல மடங்கு இருத்தல் வேண்டும். பதினெட்டே முக்காற் கிலோமீட்டருக்குப் பல மடங்கு என்றால், சென்னையில் ஒரு கம்பமும் செங்கற்பட்டைத் தாண்டி ஒரு கம்பமும் நட்டு இடையிலே கம்பி கட்ட வேண்டும்!

இவ்வகை நிலையங்களையே சாம்ராச்சியம் முழுவதும் சங்கிலிபோல் அமைக்க வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் ஆலோசித்துக் கொண்டிருந்தனர். அக்காலத்தில் மார்க்கோனியும் அவருடைய துணைவரான சி. எஸ். பிராங்க்ளினும் எவரும் மதியாத குற்றலைகளை எடுத்துச் சோதித்தனர். 1923இல் மார்க்கோனி தமது 'எலெட்ரா' என்னும் கப்பலிற் சென்று, இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வந்த 97 மீட்டர் அலையை அட்லாண்டிக் சமுத்திரத்திலே கேப் வெர்டி தீவுகள் வரையிற் கேட்டார். 1924 மே மாதத்தில் அதே நிலையத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மனிதக் குரலே சென்றது. உடனே மார்க்கோனி, பெருஞ்சங்கிலித் திட்டத்தைக் கைவிடுமாறும், குற்றலையை ஒரே திசையிற் குவித்து வீசும் 'பீம்' நிலையங்களை அமைத்துத் தருவதாகவும் பிரிட்டிஷ் அரசாங்கத்தாரிடம் கூறினார். தமது கம்பெனியின் பெரிய யந்திரங்களை விற்கும் வியாபாரத்தையே தாம் குலைத்துக்கொள்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. இந்தத் துணிவுக்காகவே நான் அம்மனிதரை மதிக்கிறேன்; அவருடைய மற்றக் கொள்கைகளைப் பற்றிப் பேச இது இடமன்று.

1924 ஜூலையில் உடன்படிக்கை ஆயிற்று. உயர்ந்த கம்பங்களை வரிசையாக நட்டு, அவற்றினிடையே திரைச்சீலைபோல் நேர்கம்பிகளைத் தொங்கவிட்டு, பின்னால் இன்னொரு கம்பித்திரையைக் கண்ணாடியாக நிறுத்தினர். அலையின் நீளம் பதினாறு மீட்டர், முப்பத்துநான்கு மீட்டர் என்ற அளவினதாகையால் அதனைப்போல் பல மடங்கு அகலமான திரையைக் கட்டுதல் கைகூடிற்று. யந்திரம் ஏறக்குறைய 20 கிலோவாட். ஆனால் திரை பார்த்த திசையில் அது பல பத்து மடங்கு பெருகி வீசியது. கனடாவுக்கு 1926 அக்டோபரிலும், ஆஸ்திரேலியாவுக்கு 1927 ஏப்ரலிலும், தென்னாப்பிரிக்காவுக்கு ஜூலையிலும் சேவை தொடங்கிற்று. நம் நாட்டுக்கு 1927 செப்டம்பரில் தொடங்கிற்று. பூனாவை அடுத்த கிர்க்கியில் அனுப்பும் நிலையம். தௌண்டில் வாங்கும் நிலையம். அங்கே கிரிம்ஸ்பியிலிருந்து அனுப்பி, ஸ்கெக்னஸில் வாங்கினர். நிமிஷத்துக்கு நூறு சொற்கள் செல்லவேண்டுமென்பது நிபந்தனை, சென்றன. கட்டணமோ கடலடிக் கம்பித் தந்தியைக் காட்டிலும் குறைவு. கம்பித் தந்திக் கம்பெனிகள் வர்த்தகத்தை இழந்து கலங்கியமையால் 1928இல் மாநாடு கூட்டி, 1929இல் இரு சாராரையும் ஒரே கம்பெனியாக இணைக்க நேர்ந்தது. அந்தக் கம்பெனியே 1934இல் 'கேபிள் அண்டு வயர்லெஸ்' என்று பெயர் பெற்றது.

குற்றலைகள் வானத்தின் மேலடுக்கிற் பட்டுத் திரும்பி வெகுதூரம் செல்லும் இயல்புடையன. ஆதலின் வெற்றி முழுவதும் கம்பித்திரையின் சாதனை என்று கூறினால் அது மிகையாகும். நீண்ட அலைக்கும் தனிச் சிறப்புண்டு. இரவு பகல் என்ற பேதமின்றி நிலையாகச் செல்லுவது அதுவே. ஆயினும், யந்திரத்தைப் பெருக்குவதே வழியென்று எண்ணியிருந்த உலகத்துக்கு, சக்தியை வழிப்படுத்துதல் என்ற பாடத்தைக் கற்பித்தது பீம் நிலையமே. இன்னுமொன்று: யந்திரத்திலிருந்து திரை வரையில் சக்தி வழியிற் சிந்தாமற் செல்வதற்காகப் பிராங்க்ளின் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயை வைத்த இரட்டைக் குழாயைக் கையாண்டார். இன்று நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வருகின்ற கேபிளும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. வாய்க்காலையும் மடையையும் ஒருங்கே கவனித்த புத்திமான் அவர்.

இதே காலத்தில் ஜப்பானில் செண்டாய் நகரத்துச் சர்வகலாசாலையில் உடா, யாகி என்ற இருவர், சில கம்பித் துண்டுகளை வரிசையாக நிறுத்தியே அலையைக் குவிக்கலாமென்று கண்டு 1926இல் வெளியிட்டனர். நாம் 'மீன்முள்' என்று சொல்லி மாடியில் நிறுத்தியிருந்த தொலைக்காட்சி ஏரியல் அதுவே. 1980களில் நம் கரையோர ஊர்களில் அதனை இலங்கைப் பக்கம் திருப்பி 'ரூபவாகினி' பார்த்தவர்கள் இச்சபையில் இல்லாமலா இருப்பார்கள்! ஏரியல் வீசும்போது எத்தனை மடங்கு பெருக்குமோ, வாங்கும்போதும் அத்தனை மடங்கு பெருக்கும். அதனாலேதான் அது கடலைக் கடந்த படத்தைக் காட்டியது. 1942இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியர், ஆங்கிலேயருடைய ரேடார்க் குறிப்பேடு ஒன்றில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு பொருள் விளங்காமல் கைதியிடம் கேட்டனராம். அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று கைதி சொல்ல வேண்டியதாயிற்று. சொந்த ஊர்க்காரன் சொன்னதைக் கேளாமை எல்லா ஊரிலும் உள்ளது போலும்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் ஓர் அறக்கட்டளையார் சமுதாய வானொலி அமைத்தபோது என்னை ஆலோசனைக்கு அழைத்தனர். யந்திரம் 50 வாட், நல்ல யந்திரம். பணம் முடைப்பட்ட நேரத்தில், "கேபிளை மெல்லியதாகப் போட்டால் செலவு குறையும், போடலாமா?" என்று கேட்டார்கள். "முப்பது மீட்டர்தானே, போடுங்கள்" என்று சொன்னவன் நானே. வேறு யார்மீதும் குற்றமில்லை. தொடக்க விழா சிறப்பாக நடந்தது. யந்திரத்தின் முள் 50இல் நின்றது. ஊருக்குள் நன்றாகக் கேட்டது. எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிற்றூர்களில் இரைச்சலே மிகுந்தது. அங்குள்ளவர்களின் ரேடியோப் பெட்டி மட்டமானது என்று நாங்கள் நிச்சயித்துக்கொண்டோம். மேலதிகாரியாயிருந்து பழகியவர்களுக்கு இவ்வகை நிச்சயங்கள் எளிதில் வரும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஏரி உடைப்பெடுக்கக்கூடுமென்று எச்சரிக்கை வந்து, நிலையத்தார் இரவு முழுவதும் அதனை ஒலிபரப்பினர். மறுநாள் அச்சிற்றூர்களிலொன்றிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அவருடைய இரண்டு ஆடுகள் போயின. கதிர் முற்றிய வயலில் நீர் நின்றது. யந்திரம் ஓடிக்கொண்டிருந்ததென்று நான் முள்ளைக் காட்டி விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, இங்கே மிஷின் ஓடுறது இருக்கட்டும், எங்க பக்கம் எவ்வளவு வருது, அதைச் சொல்லு" என்றார். பயனுறு வீச்சுச் சக்திக்கு முப்பத்தோராண்டில் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான வியாக்கியானத்தைக் கண்டதில்லை.

அன்று மாலையே பேரேட்டைத் திறந்தேன். ஐம்பது வாட் என்பது டெசிபெற் கணக்கில் 17 வரவு. நான் போடச் சொன்ன மெல்லிய கேபிள், நூறு மெகாஹெர்ட்ஸ் அளவிலே முப்பது மீட்டரில் ஏறக்குறைய 5 டெசிபெலை விழுங்கும். மிச்சம் 12. அதாவது பதினாறு வாட்! ஏரியல் ஒற்றைக் கம்பி. ஆதலின் அதனால் வரவு ஏதுமில்லை. ஐம்பதில் முப்பத்துநான்கு வாட் கேபிளைச் சூடாக்கிக் காக்கை குளிர்காய உதவியது. அதுவும் நல்ல நாளிலே. கம்பத்தின் மேல் ஏறியவன் இணைப்பைக் கழற்றியபோது அதிலிருந்து மழைநீர் சொட்டிற்று. இணைப்பில் நீர் புகுந்தால் சக்தி மேலே செல்லாது யந்திரத்துக்கே திரும்பும். யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த இரவில் முள் எங்கே நின்றதென்று எவரும் குறித்து வைக்கவில்லை. மழையிரவில், மிகவும் வேண்டிய நேரத்தில், ஐந்து வாட்டாவது மேலே சென்றிருக்குமோ என்பது ஐயமே.

பெரிய யந்திரம் வாங்கலாமென்று அங்கேயும் ஒருவர் சொன்னார். நாங்கள் வாங்கவில்லை. பருத்த கேபிள் போட்டோம். அது முப்பது மீட்டரில் முக்கால் டெசிபெலுக்குக் குறைவாகவே இழக்கும். ஒற்றைக் கம்பிக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கம்பிகள் நிறுத்தினோம். அப்படி நிறுத்தினால் வானத்தை நோக்கி வீணே போகும் சக்தி தரையோரமாக ஒடுங்கி, சுற்றுப்புறம் எங்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்; மூன்று டெசிபெல் வரவு. பதினேழில் முக்கால் போக, மூன்று சேர, பத்தொன்பதே கால். அதாவது எண்பத்தைந்து வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதே யந்திரம், அதே மின்சாரக் கட்டணம், பதினாறு வாட் எண்பத்துச் சொச்சம் வாட் ஆயிற்று. இணைப்பைச் சுற்றி நீர் புகாத பட்டையை மூன்று சுற்றுச் சுற்றினோம். அதன்பின் அம்மூதாட்டியின் ஊரில் நானே சென்று ஒரு சிறிய பெட்டியில் கேட்டேன். தெளிவாயிருந்தது. ஆடுகளைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை, நானும் பேசவில்லை.

நமது நிலையத்துக்குரிய சட்டத்தை இனிக் காண்போம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரியில் முதல் வளாக வானொலி தொடங்கிய பிறகு, 2006ஆம் ஆண்டு மத்திய அரசாங்கத்தார் சமுதாய வானொலிக் கொள்கையை விரிவாக்கி, நம்மைப்போன்ற இலாப நோக்கமற்ற நிலையங்களும் விண்ணப்பிக்கலாமென்று வகுத்தனர். ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கேட்கும்படி, பயனுறு வீச்சுச் சக்தி 100 வாட்டுக்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. நிலத்தின் அமைப்புக் கருதித் தக்க காரணம் காட்டினால் 250 வாட் வரையில் ஆலோசிக்கப்படும். ஏரியலின் உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேலும் 15 மீட்டருக்குக் கீழும் இருத்தலாகாது. கீழெல்லை வைத்தது, அருகிலிருப்போர்மீது அலையின் வேகம் அளவுக்கு மிஞ்சிப் படாதிருக்கும் பொருட்டு.

விதியிலே 'யந்திரத்தின் சக்தி' என்று எழுதாமல் 'வீச்சுச் சக்தி' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். யந்திரத்தை மாத்திரம் கட்டுப்படுத்தினால், பத்து வாட் யந்திரத்தோடு பத்து மடங்கு பெருக்கும் ஏரியலை வைத்து ஒருவன் நூறு வாட் வீசுவான், சட்டம் ஏமாறும். ஆதலின், நம் அன்பர் பெரிய யந்திரம் வாங்கித் தந்தாலும் அதன் சக்தியைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். நானூறு சால் இறைக்கும் பம்பை வைத்து நூறு சாலுக்குமேல் விடலாகாது என்றால் பம்பின் பெருமை என்ன?

இது கருமித்தனமான விதியென்று இளைஞர் சிலர் என்னிடம் முறையிட்டனர். 90.4 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைப் பல ஊர்ச் சமுதாய வானொலிகள் பகிர்ந்து கொள்கின்றன. ஒருவர் வரம்பு மீறினால் அடுத்தவர் வயலில் வெள்ளம். அமெரிக்காவில் சின்சின்னாட்டி நகரத்து டபிள்யூ. எல். டபிள்யூ. நிலையம் 1934 மே மாதம் 500 கிலோவாட்டாக உயர்ந்தது. அந்நாட்டில் மற்றப் பெரிய நிலையங்களுக்கெல்லாம் 50 கிலோவாட்டே எல்லை. கனடாவின் டொராண்டோ நகரத்து நிலையமொன்று அதற்கு அடுத்த அலைவரிசையில் இயங்கியது. அதன் நேயர்கள் இராக்காலத்தில் தங்கள் நிலையத்தைக் கேட்க முடியவில்லை என்று முறையிட்டனர். அப்பொழுது செய்தது யாது? மேலும் இரு கம்பங்களை நட்டு, டொராண்டோ இருக்குந் திசையில் மாத்திரம் வீச்சுச் சக்தியை 50 கிலோவாட்டுக்கு ஒப்பாகக் குறைத்தார்கள். யந்திரம் 500இலேயே ஓடிற்று. 1939இல் அந்த அநுமதியே நின்று பழைய 50 கிலோவாட்டுக்கு இறங்க நேர்ந்தது வேறு கதை.

சட்டம் அநுமதிக்கும் வழியில் நாம் பலன் பெறக்கூடியது உயரம் ஒன்றே. சமநிலத்திலே ஏரியலின் உயரத்தை இரட்டித்தால், தொலைவிலுள்ள பெட்டியிற் கிடைக்கும் அலை இரு மடங்காகும். அது வீச்சுச் சக்தியை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். கொடைக்கானல் பண்பலை நிலையத்தின் யந்திரம் 10 கிலோவாட். ஆனால் அது மதுரைச் சீமையெல்லாம் கேட்பதற்கு அந்தப் பத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 2,100 மீட்டர் மலையே காரணம். மீட்டரிற் சொன்ன உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கினால் அலைக்கு அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று தெரியும். அந்த மலைக்கு ஏறக்குறைய 190. நம் முப்பது மீட்டர்க் கம்பத்துக்கு இருபத்திரண்டரை. பதினைந்து மீட்டருக்குப் பதினாறு. கம்பம் உயர்ந்தால் கேபிளும் நீளுமே என்று கணக்கறிந்த சகோதரர் கேட்கக்கூடும். உண்மை. பருத்த கேபிளானால் அந்தப் பதினைந்து மீட்டர் மூன்றிலொரு டெசிபெலை உண்ணும். உயரம் கொடுப்பதோ ஆறு.

வானவெளிக்குச் சென்ற வாயேஜர் கலங்களை 1977இல் ஏவினார்கள். அவற்றின் யந்திரம் ஏறக்குறைய 20 வாட். நம் வீட்டில் எரியும் ஒரு குழல்விளக்குக்கும் குறைவு. 3.7 மீட்டர் அகலமுள்ள ஒரு தட்டு அதனை அறுபதாயிரம் மடங்குக்கு மேல் குவித்துப் பூமியை நோக்கி அனுப்புகிறது. அந்தத் திசையில் மாத்திரம் அது பத்து லட்சம் வாட்டுக்கு மேற்பட்ட விளக்கு. தட்டு சிறிது விலகினாலும் நமக்கு ஒன்றுமில்லை.

நமது பள்ளி மைதானத்துக்கு மேற்கே குன்று. அதன் அப்பால் நம் நேயர் இல்லை. கிழக்கிலும் தெற்கிலும் பதினோரு சிற்றூர்கள். பாம்பனில் 2016இல் மீனவர்க்கென்று தொடங்கிய 'கடல் ஓசை' போன்ற நிலையத்துக்குக் கடலும் நேயர் நிறைந்த வயலே. நமக்கோ குன்று பாறை. ஆகவே நான் முன்வைக்கும் திட்டம் இது: யந்திரம் 50 வாட் போதும். கம்பம் 30 மீட்டர். இழுகம்பியும் இடிதாங்கியும் உட்பட நன்கொடையாளரவர்களின் பேரால் நிற்கட்டும். கேபிள் பருத்ததே வேண்டும். அந்தச் செலவில் ஒரு காசு குறைக்கவும் நான் உடன்படேன். என் அநுபவத்தைக் கேட்டீர்கள். ஏரியல் இரட்டைக் கம்பி. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருவர் மேலேறி இணைப்புகளைப் பார்க்கவும், திரும்பும் சக்தியின் முள்ளைத் தினமும் ஏட்டிற் குறிக்கவும் பள்ளி மாணவரைப் பழக்குகிறேன், சம்பளம் வேண்டா.

யந்திரத்தின்மேல் தம் பெயர் பொறிக்கப்பெறும் என்று நம் அன்பர் எண்ணியிருக்கலாம். யந்திரம் அறைக்குள் இருக்கும். பத்து ஆண்டில் மாறிவிடும். கம்பம் நான்கு கிராமத்துக்குத் தெரியும். இதனை அவர்கள் இப்பொழுதே முடிவுசெய்ய வேண்டுமென்று நான் நெருக்கவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்குக் கம்பம் நடக்கூடிய இடத்தைப் பார்க்கப் பள்ளி மைதானத்துக்குச் செல்கிறோம். பதினோரு சிற்றூர்களிலிருந்தும் ஊருக்கு ஒருவராவது தங்கள் வீட்டு ரேடியோப் பெட்டியுடன் வரவேண்டுகிறேன். மட்டமான பெட்டியாயிருந்தால் மிகவும் நல்லது.